திருமூர்த்திக்கு வந்த நட்சத்திரம்

கருமாண்டம்புதூரில் நட்சத்திரம் இறங்கிய அந்த ஆடி மாதத்துத் திங்கட்கிழமை காலையில்தான் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற குடிதண்ணீரும் வந்தது என்பதால், ஊரில் பாதிப்பேர் முதலில் அதைக் கவனிக்கவே இல்லை. குடம் வைத்துக் குடம் எடுத்து, கடைசிக் குடமும் நிரம்பி, குழாயில் வெறும் காற்று சீறத் தொடங்கிய பிறகுதான், பதினெட்டு வயது முடிந்த ஆண் பெண் அத்தனை பேருக்கும் இடது மணிக்கட்டின் உட்புறத்தில், நாடி பார்க்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு வெளிச்சம் தோலுக்கடியில் குடியேறியிருப்பது தெரிந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. கண்ணை மூடினால் இமைக்குள்ளே ஒரு மரம் தெரிந்தது. மரத்தில் கொப்புக் கொப்பாக வித்தைகளின் பெயர்கள் தொங்கின, படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்தாக, தெரியாதவர்களுக்குப் படமாக. எந்தக் கொப்பை நினைத்து மணிக்கட்டை அழுத்துகிறார்களோ அந்த வித்தை அவர்களுக்கு வந்தது, நட்சத்திரம் அணைந்தது. ஒருவருக்கு ஒன்று, ஒரே ஒரு தடவை.

ஏன் வந்தது, யார் அனுப்பியது என்று கேட்டவர்கள் குறைவு. எதில் போடுவது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், அதையும் ஒரே ஆளிடம் கேட்டார்கள்.

அந்த ஆள் லோகநாயகி. முப்பத்தாறு வயது, சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பட்டா மாறுதலோ, வாரிசுச் சான்றோ, முதியோர் பென்ஷனோ, எதுவானாலும் அவள் எதிரே உட்கார்ந்து விவரத்தைச் சொன்னால் போதும், கம்ப்யூட்டரில் அவளே ஏற்றிவிடுவாள். எந்தக் கட்டத்தில் எதை நிரப்பினால் காரியம் நடக்கும், எதை நிரப்பினால் மனு திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊர் அவளைத் தேடி வந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. இமைக்குள் தெரிந்த மரத்தை அவள் பதினைந்து வருடமாக அறிவாள்.

அது ஒரு கம்ப்யூட்டர் ஆட்டத்தில் வருகிற மரம். வாளும் மந்திரமும் பூதங்களும் இடிந்த மதில்களும் நிறைந்த அந்த ஆட்டத்துக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது, லோகநாயகியும் தம்பி திருமூர்த்தியும் அதைக் கோட்டை என்று மட்டும் சொன்னார்கள். அவள் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, அக்காவும் தம்பியும் மாற்றி மாற்றி ஆடுவார்கள். ஆட்டத்தில் ஒரு படி ஏறினால் ஒரு நட்சத்திரம் கிடைக்கும், அதை மரத்தில் ஏதாவதொரு கொப்பில் வைத்தால் நம் ஆள் அந்த வித்தையில் தேறுவான். லோகநாயகி அந்த ஆட்டத்தைப் பதினோரு முறை முடித்தவள். முதல் நட்சத்திரத்தைச் சுமையில் வை, நிறையத் தூக்கினால்தான் நிறையப் பிழைக்கலாம்; அப்புறம் நெருப்புத் தாங்கலில் வை, பாதிப் பூதங்கள் நெருப்பைத்தான் துப்பும்; பூட்டுத் திறப்பில் ஒன்று போதும்; கையில் எப்போதும் ஒன்றைச் செலவழிக்காமல் வைத்திரு; பேச்சில் மட்டும் வைக்காதே, கத்தி பேச்சைக் கேட்காது. இவையெல்லாம் அவளுடைய விதிகள்.

திருமூர்த்தி அந்தக் கடைசி விதியை ஒருநாளும் மதித்ததில்லை. கிடைத்த நட்சத்திரத்தையெல்லாம் பேச்சுக் கொப்பிலேயே வைத்தான். துருப்பிடித்த ஒரு பிச்சுவாவைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாமல் அவனுடைய ஆள் காவல்காரர்களைப் பேசிக் கடந்தான், கொள்ளையர்களைப் பேசித் திருப்பி அனுப்பினான், கடைசி வாசலில் நின்ற பூதத்திடம் அரை மணி நேரம் பேசப் பேச, அது சலித்துப்போய்க் கீழே உட்கார்ந்து கதவைத் திறந்துவிட்டது. திரையில் வருகிற வசனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அமுக்கினால் அந்த ஆள் தங்குதடையில்லாமல் பேசுவான், தம்பியின் உதடுகளும் கூடவே அசையும். திருமூர்த்திக்குப் பிறந்ததிலிருந்தே வாய் திக்கும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பதினொன்று, அவளுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவனுடைய வாய் அவள்தான். பஸ்ஸில் டிக்கெட் கேட்டது அவள், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் பதில் சொன்னது அவள், இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை கேட்டுப் போனபோது அவனை வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்ப் பேசியதும் அவள்தான். சுதாமணியைப் பெண் பார்க்கப் போன வீட்டில், தனியாகப் பேசுங்கள் என்று இரண்டு பேரையும் மாடிக்கு அனுப்பியபோது கூடவே மூன்று படி ஏறிவிட்டு, அப்புறம் நினைவு வந்து இறங்கினாள். அவன் ஒரு சொல்லின் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது மீதியை அவள் முடித்து வைப்பாள், பெரும்பாலும் சரியாகவே முடிப்பாள். அவள் கல்யாணம் வேண்டாம் என்றதற்குத் தம்பிதான் காரணம் என்று ஊர் பேசியது, அவளும் இல்லையென்று சொல்லவில்லை.

நட்சத்திரம் வந்த பிறகு அவள் கடை வாசலில் காலை எட்டு மணிக்கே வரிசை நின்றது. வருகிறவர்களின் வேலை என்ன, வயது என்ன, வீட்டில் யார் யார் என்று ஒரு மனுவை நிரப்புகிற மாதிரியே கேட்டுக்கொண்டு, இந்தக் கொப்பில் போடுங்க என்று அவள் சொன்னாள், அவர்களும் அங்கேயே கண்ணை மூடி அழுத்திவிட்டுப் போனார்கள். மாவு விற்கிற பொன்னம்மா சுமையில் போட்டு, தலையில் ஒன்றும் இடுப்பில் இரண்டுமாக மூன்று அண்டாவை ஒரே நடையில் கொண்டுபோனாள். கண்டக்டர் மருதாசலம் முகம் மறவாமையில் போட்டார், அதன் பிறகு அவர் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம், போன வருசம் இதே ஜன்னலோரம் உட்கார்ந்துதான் அழுதுட்டு வந்தீங்க, இப்பப் பரவாயில்லையா என்று விசாரித்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ரங்கநாதன் யாரையும் கேட்காமல் பூட்டுத் திறப்பில் போட்டு, செத்துப்போன மனைவி சாவியை எங்கோ வைத்துவிட்டுப் போன பீரோவைத் திறந்தார். உள்ளே என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கல்யாணத் தரகர்கள் வீட்டுக்கு வந்தால், பையனுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டுவிட்டு, பிறந்ததும் சொல்லுங்க, வந்ததும் சொல்லுங்க என்றார்கள். தாலுகா ஆபீஸ் விண்ணப்பங்களில் பெயர், தகப்பனார் பெயருக்கு அடுத்தபடியாக, நட்சத்திரம் செலவிட்ட விவரம் என்று புதிதாக ஒரு கட்டம் வந்தது. மாரியம்மன் சிலையின் மணிக்கட்டிலும் ஒன்று மினுங்குவதாகப் பூசாரி சொல்ல, அம்மன் அதை எதில் போடப்போகிறாள் என்று இரண்டு வாரம் பேச்சாக இருந்தது, அம்மன் எதிலும் போடவில்லை.

லோகநாயகியின் யோசனையை மீறியவர்களில் நிலத் தரகர் கிட்டுசாமி ஒருவர். அவர் பேச்சில் போட்டார். முதல் வாரம் அவர் சொன்னதற்கெல்லாம் எல்லோரும் தலையாட்டினார்கள், இரண்டாவது வாரம் அவர் வருவதைப் பார்த்தாலே காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்கள், வீட்டில் அவர் மனைவி உட்பட. பார்த்தீங்களா, நான் சொன்னேனே என்று லோகநாயகி வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள்.

திருமூர்த்தி வந்தது அதற்கு அடுத்த புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேளையில். பவுண்டரி உடுப்போடு, முழங்கை வரை மணல்கரியோடு, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி உள்ளே வந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தான். மணிக்கட்டில் அவனுடைய வெளிச்சம் அப்படியே இருந்தது. அவன் சொல்ல வந்தது ஒரே ஒரு சொல். அது வெளியே வருவதற்குள் மெஷினில் நாலு பக்கம் ஜெராக்ஸ் ஓடி முடிந்தது. பேச்சு என்றான்.

லோகநாயகி சிரித்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சிரித்த அதே சிரிப்பு. கிட்டுசாமியைச் சொன்னாள். இது ஆட்டம் இல்லை, திரும்ப முதலிலிருந்து ஆட முடியாது என்று சொன்னாள். பவுண்டரியில் போன வருடம் இரும்புக் குழம்பு தெறித்து ஒருவனுக்குக் கால் போனதைச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"பேச்சுக்கு நான் இருக்கறன்ல கண்ணு. நெருப்புக்கிட்ட நிக்கறவன் நெருப்பத் தாங்கோணும். இனியாவ நெனச்சுப் பாரு, அவளுக்கு அப்பன் முழுசா வேணும்."

இனியா அவனுடைய மகள், நாலரை வயது. அந்தப் பெயரைச் சொன்னதும் அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்திருக்கலாம், ஆனால் வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள், அவள், சரி அழுத்து, நேரமாகுது என்றாள். அவன் கண்ணை மூடி அழுத்தினான். வெளிச்சம் அணைந்தது. ஒரு பெரிய விபத்திலிருந்து தம்பியை இழுத்துவிட்டதுபோல அவளுக்கு நெஞ்சு லேசானது. அந்த நிம்மதிக்குள்ளே இன்னொரு நிம்மதியும் இருந்தது, அது என்ன என்று அவள் அப்போது பார்க்கவில்லை.

பவுண்டரியில் அவனைக் கொண்டாடினார்கள். உலை வாய்க்கு எட்டடி தள்ளி நின்ற மற்றவர்களுக்கு முன்னால் அவன் இரண்டடியில் நின்றான், பொறி தெறித்துக் கையில் விழுந்தால் கொசுவைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டான், தோல் சிவக்கக்கூட இல்லை. சூப்பர்வைசர் வெளியூரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிவந்து காட்டினார். அக்கா சொல்லித்தான் போட்டான் என்று பவுண்டரியில் எல்லோரும் சொன்னார்கள், அது லோகநாயகியின் காதுக்கும் வந்தது, அவள் சந்தோஷப்பட்டாள்.

நெருப்பு மட்டும் போகவில்லை, சூடே போய்விட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் சுதாமணி. கொதிக்கிற தண்ணீரை அப்படியே மொண்டு தலைக்கு ஊற்றிக்கொண்டான், காபி ஆறிப்போனதா சுடுகிறதா என்று கேட்டால் விழித்தான். வெயிலில் நின்றால் நிழலில் நிற்பதுபோலத்தான் இருக்கிறது என்று ஒருநாள் அக்காவிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னான். சுதாமணி கையைப் பிடித்தால் மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். எல்லா வித்தைக்கும் கூடவே ஒரு குறை வரும், கோட்டையிலும் அப்படித்தானே என்றாள் லோகநாயகி. ஆவியைப் பார்த்துக் குடி, பழகிவிடும் என்றாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சுதாமணிக்கு ஸ்பின்னிங் மில்லில் காலை ஆறு மணி ஷிப்ட். அவள் கிளம்பும்போது இனியா தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு எழுந்த குழந்தை இட்லி வேண்டாம் என்று சொல்லி, குளிருது என்று மறுபடி படுத்துக்கொண்டது. திருமூர்த்தி நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். கழுத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு, குளிருது என்கிறாளே என்று கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய ஸ்கூல் பையின் அறுந்துபோன வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். குழந்தை ஒருமுறை தலை வலிக்குது என்றது. பதினொன்றரை மணிக்குக் கம்பளிக்குள் ஏதோ உதறுவது தெரிந்து விலக்கிப் பார்த்தபோது, கண் மேலே செருகி, கைகால் விறைத்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். எடுத்தவர் நல்ல மனிதர்தான், எந்த ஊர், என்ன விலாசம் என்று பொறுமையாக மூன்று தடவை கேட்டார். திருமூர்த்திக்கு ஊர்ப் பெயரின் முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றது. அவன் முட்டி முட்டிப் பார்த்தான், கண்ணில் நீர் வந்தது, எழுத்து வரவில்லை. போனை வைத்துவிட்டு அக்காவுக்குப் போட்டான்.

லோகநாயகியின் எதிரே அப்போது, கல்யாணத்துக்கு நிச்சயமான ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கைவேகத்தில் போடச் சொல்கிறார்கள், பெண்ணுக்குப் பாட்டுக் கொப்பில் போட ஆசை, எதில் போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரு என்ற பெயர் போனில் ஒளிர்வதை அவள் பார்த்தாள். அவன் அதிகம் போன் செய்கிறவன் இல்லை, செய்தாலும் அவன் சொல்லி முடிக்க நேரமாகும். இவர்களை அனுப்பிவிட்டுப் பேசலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டாவது முறையும் அடித்தது. மூன்றாவது முறை எடுத்தாள். மறுமுனையில் சொல் எதுவும் இல்லை, மூச்சு மட்டும் இருந்தது. அந்த மூச்சு என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஆனால் அவன் அதற்குள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின்ரோட்டுக்கு வந்து, கை நீட்டிய வண்டிகளில் நான்காவதாக வந்த ஆட்டோ நிற்க, ஏறியிருந்தான். நடுவழியில் அவளும் ஏறிக்கொண்டாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டவள் கையை உடனே எடுத்துவிட்டாள். அடுப்பில் இருந்த தோசைக்கல்லைத் தொட்டது போல இருந்தது. இவ்வளவு நேரம் இதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா எதற்குக் கையை எடுத்தாள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூளைக்காய்ச்சல் என்றார்கள் ஆஸ்பத்திரியில். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று ஒரு டாக்டர் ஆரம்பித்து, திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் போனார்.

லோகநாயகியிடம் அவளுடைய நட்சத்திரம் செலவழியாமல் இருந்தது. எப்போதும் ஒன்றைக் கையில் வைத்திரு என்பது அவளுடைய விதி அல்லவா. ஐசியூ வாசலில் செருப்புகள் கழற்றிப் போட்டிருந்த இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கண்ணை மூடி, வைத்தியம் என்ற கொப்பைத் தேடி மணிக்கட்டை அழுத்தினாள். நர்சிடம் கெஞ்சி உள்ளே போய் இனியாவின் நெற்றியில் இரண்டு கையையும் வைத்தாள். வைத்தபோதே அவளுக்குத் தெரியும். பதினோரு முறை முடித்தவளுக்குத் தெரியாதா? வைத்தியத்தின் முதல் படியில் சிராய்ப்பு ஆறும், கீறல் மூடும். காய்ச்சலைத் தொடுவதற்கு ஆறு நட்சத்திரம் வேண்டும், உயிரைப் பிடித்து நிறுத்த ஒன்பது வேண்டும். ஊசி குத்திக் குத்திக் குழந்தையின் புறங்கையில் இருந்த ரத்தக்கட்டு மட்டும் அவள் கண்ணெதிரே மறைந்து தோல் பளபளவென்று ஆனது.

பதினெட்டாவது நாள் இனியா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். இரண்டு காதும் கேட்கவில்லை.

ஊர் வந்து பார்த்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, எல்லாம் நேரம் என்று சொல்லிவிட்டுப் போனது. லோகநாயகி சொல்லித்தானே என்று யாராவது முகத்துக்கு நேரே கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள், யாரும் கேட்கவில்லை. அவளிடம் யோசனை கேட்டு நட்சத்திரம் போட்ட நானூறு பேரும் அவரவர் வித்தையோடு பழகிப்போயிருந்தார்கள். யாராவது சொன்னதைக் கேட்டுத்தான் ஒரு காரியம் செய்யவேண்டும், அதில் நல்லதும் வரும் கெட்டதும் வரும் என்று அவர்களுக்கு அது சாதாரணமாகத்தான் இருந்தது. சுதாமணி மட்டும் ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "நீங்க நல்லதுக்குத்தான் அண்ணி சொன்னீங்க" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. டீ வேணுங்களா, சாப்பிட்டீங்களா என்ற மரியாதையான கேள்விகளைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசவில்லை.

நட்சத்திர யோசனை சொல்லப்படமாட்டாது என்று லோகநாயகி கடையில் எழுதி ஒட்டினாள். அதற்குள் ஊரில் செலவழியாத நட்சத்திரங்களும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டன. தாள் கிழித்த விரலை, சைக்கிளில் விழுந்த முழங்காலைக் காட்ட மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். அவள் தடவிவிட்டாள், ஆறியது.

திருமூர்த்தி பவுண்டரி வேலையை விட்டான். சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து கேட்டும் போகவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடத்தில் இனியாவைச் சேர்த்து, அங்கேயே தோட்ட வேலையும் வாட்ச்மேன் வேலையும் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வீடு எடுத்துக் குடும்பத்தோடு போய்விட்டான். வீடு பேசியது, பள்ளிக்கூடத்தில் கேட்டது, வேலைக்கு மனு எழுதியது எல்லாம் அவனேதான். எழுதிக் காட்டியிருக்கிறான், காத்திருக்கச் சொல்லியிருக்கிறான், அவர்களும் காத்திருந்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அக்காவுக்குச் சொன்னான்.

லோகநாயகி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனாள். நாலைந்து மாதம் கழித்து ஒருமுறை போனபோது வீடு பூட்டியிருக்க, பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வேப்ப மரத்தடியில் முப்பது பிள்ளைகளும், கூட்டிப்போக வந்த தாய் தகப்பன்களும், இரண்டு டீச்சர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே நின்றுகொண்டிருந்தவன் திருமூர்த்தி. அவன் கைகள் பேசிக்கொண்டிருந்தன. விரல்கள் மடங்கி விரிந்து, ஒரு கை கதவாகி இன்னொரு கை அதைத் தட்டி, தோள் குலுங்கி, புருவம் ஏறி இறங்கி, எங்கும் நிற்காமல், எந்த இடத்திலும் மாட்டிக்கொள்ளாமல் அவன் என்னவோ சொல்லிக்கொண்டே போனான், முப்பது பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள், திடீரென்று எல்லோரும் ஒன்றாகக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒரு பெரிய மீசைக்காரத் தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சனிக்கிழமையானால் இவர் கதைக்காகவே சில பேர் சீக்கிரம் வருகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற ஆயா சொன்னாள். லோகநாயகிக்கு அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. தம்பி பேசி, ஊர் கேட்டுக்கொண்டிருக்க, தனக்கு மட்டும் அது எட்டாமல் நின்ற அந்த இடத்தில்தான், ஆடி மாதத்தில் பார்க்காமல் விட்ட அந்த இரண்டாவது நிம்மதி என்ன என்று அவள் பார்த்தாள். அவனுக்குப் பேச்சு வந்துவிட்டால் தனக்கு என்ன வேலை என்று அவள் பயந்திருந்தாள். பூதம், நெருப்பு என்ற காரணமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கதை முடிந்து கூட்டம் கலைந்தபோது அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அதைச் சொல்லிவிட்டாள். நல்லதுக்குச் சொல்லவில்லை, எனக்காகச் சொன்னேன் என்று, தரையைப் பார்த்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அன்றைக்கு அவன் பெயரைப் பார்த்தும் இரண்டு முறை எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்திருந்ததையும் சொன்னாள், அது அவனுக்கு அதுவரை தெரியாது.

அவன் வாயைத் திறந்தான். ஒவ்வொரு சொல்லும் வெகுநேரம் எடுத்தது.

"நான் யோசன கேக்க வரலக்கா. எதுல போடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். நீ சரின்னு சொல்லோணும்னு வந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் அழ முடிந்திருக்கும். உன்னைத் தப்பாக நினைக்கவில்லை என்றும் அவன் சொல்லவில்லை, நினைக்கிறேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஓஸ் பைப்பை எடுத்துச் செடிகளுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்தான்.

இனியா ஓடி வந்தாள். அத்தையின் முன்னால் நின்று, கைகளைத் தூக்கி ஏதோ கேட்டாள். லோகநாயகி பழக்கத்தில் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன கேக்கறா?"

"அவகிட்டயே கேளுக்கா" என்றான் அவன், பைப்பைப் பார்த்தபடி.

அவளுக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. குழந்தை இன்னொரு முறை காட்டியது. இவள் புரியாமல் சிரிக்க, பொறுமையிழந்து அத்தையின் இடது கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, இரண்டு விரலை நிமிர்த்தி, மற்ற இரண்டையும் கட்டைவிரலின் மேல் சாய்த்து, இப்படி என்பதுபோல் தலையாட்டிக் காட்டியது. அதற்குள் வராந்தாவில் மணிக்குப் பதில் சிவப்பு விளக்கு மூன்று முறை மின்ன, கையை விட்டுவிட்டு ஓடிப்போனது.

லோகநாயகி அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைத்தது. பையை வலது கையால் மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை முழங்காலின் மேல், அந்தச் சின்ன விரல்கள் வைத்துவிட்டுப் போனபடியே வைத்திருந்தாள். அது ஒரு பெயரா, கேள்வியா, போய்விடு என்பதா, இரு என்பதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அடுத்த மாதம் சனிக்கிழமை யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இரண்டு ஊர் தாண்டியதும் கண்டக்டர் வந்து டிக்கெட் என்றார். பர்ஸைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுவிட்டு விரல்களை மறுபடி மடக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் உள்ளேயா, வெளியேயா? வேறு மாதிரி மடக்கிப் பார்த்தாள். அதுவும் இல்லை. பஸ் கருமாண்டம்புதூர் போய்ச் சேரும் வரைக்கும் அவள் விரல்களை மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டே இருந்தாள்.